பனிமலை ஏரிப் பாடம் தெமெங்கோருக்கு உதவாது: புதிதாகக் கேமரா தூக்குகிறவர்களுக்கு

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் கேமரா வாங்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். கல்யாண வீட்டில் தொடங்கி, தைப்பூசக் காவடியை எடுத்துப் பழகி, அடுத்து மலை, ஏரி என்று ஏதாவது எடுக்க வேண்டும் என்ற ஆசை வருகிறது. உடனே யூடியூபைத் திறக்கிறார்கள். அங்கே கனடாவின் மலைச்சாலையோரத்தில் நீலப் பச்சையாக ஓர் ஏரி மின்னுகிறது. அந்தக் காணொளியில் கேட்டதை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, கிரிக் வழியாகக் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் ஏறுகிறார்கள். தெமெங்கோர் ஏரியை அடையும்போது மணி பதினொன்று. வானம் வெளுத்துக் கிடக்கிறது, தண்ணீர் மங்கலான பச்சை. நான்கு செல்ஃபியோடு திரும்பி வந்து, "அங்கே ஒன்றும் இல்லை" என்கிறார்கள்.

அங்கே நிறைய இருக்கிறது. ஆனால் அது காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் இருக்கிறது, வேறு நிறத்தில் இருக்கிறது. பனிமலை ஏரிக்கு எழுதிய பாடத்தை வைத்துக்கொண்டு போனால் கண்ணில் படாது. தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. இருட்டில் எழுந்து பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போன தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்கு விடியற்காலைப் பனிமூட்டம் புதிதல்ல. அலாரம் வைப்பதுதான் இந்தத் தலைமுறைக்குச் சிரமமாக இருக்கிறது.

அந்த நீலம் ஏன் இங்கே கிடைக்காது

கனடாவில் லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை 232 கிலோமீட்டர் ஓடும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்ற சாலையோரத்தில் பேட்டோ ஏரி இருக்கிறது. பனியாறுகள் மலைப்பாறையை அரைத்து நகரும்போது மாவு போன்ற நுண்ணிய தூள் உண்டாகிறது. அது உருகிய பனிநீரோடு வந்து ஏரியில் மிதக்கிறது. சூரிய ஒளி அந்தத் தூளில் பட்டுச் சிதறுவதால்தான் அந்த நீலப் பச்சை. வெயில் நேராக ஏரிக்குள் விழும்போதுதான் நிறம் எடுப்பாகத் தெரியும் என்பதால், அங்கே போகிறவர்கள் பகல் வேளையையும் விரும்புகிறார்கள். அந்த ஊருக்கு அது சரி.

தெமெங்கோர் இயற்கை ஏரி அல்ல. பேராக் ஆற்றின் மேற்பகுதியில் மின்சாரத்திற்காக அணை கட்டியபோது 1970களின் இறுதியில் காட்டுக்குள் தேங்கிய நீர். தீபகற்ப மலேசியாவில் திரங்கானுவின் கென்யிர் ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். பரப்பு ஏறக்குறைய 150 சதுர கிலோமீட்டர். நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் மழைக்காடு. இலைச்சாறு இறங்கிய தண்ணீர், மண், பாசி, கரையின் பச்சைப் பிரதிபலிப்பு எல்லாம் சேர்ந்து அதன் நிறத்தைத் தருகின்றன. உச்சி வெயிலில் இதில் எந்த நிறமும் எழாது. கணினியில் நீலத்தை ஏற்றி இதைக் கனடாவாக்க முயன்ற படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் காடு பிளாஸ்டிக் செடி மாதிரி இருக்கிறது.

நமக்கு இந்த ஏரி தருவது பனிமூட்டமும், அதற்குள் நிற்கும் பட்ட மரங்களும், ஒன்றன் பின் ஒன்றாக மங்கிப் போகும் மலை அடுக்குகளும். இவற்றுக்காகத்தான் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டால் மற்ற தீர்மானங்கள் சுலபமாகிவிடும்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

பனிமூட்டம் தற்செயலாக வருவதில்லை. பகலில் சூடேறிய ஏரித் தண்ணீர் இரவிலும் அந்தச் சூட்டை வைத்திருக்கும். மேகமில்லாத இரவில் மலைச்சரிவுகள் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்காற்று பள்ளத்தில் இறங்கி, ஈரமும் சூடுமாக இருக்கும் நீர்ப்பரப்பின் மேல் படரும்போது ஆவி பனியாகிறது. ஆகவே முந்தின நாள் பிற்பகலில் நல்ல மழை, பிறகு வானம் தெளிந்த இரவு, காற்றில்லாத விடியல், இந்த மூன்றும் சேர்ந்தால் தைரியமாகக் கிளம்பலாம். இரவு முழுக்க மேகம் மூடியிருந்தால் பனி மெலிதாக இருக்கும். விடிகாலையில் காற்று வீசினால் ஒன்றும் நிற்காது.

மாதக் கணக்கும் முக்கியம். ஏப்ரல், மே, பிறகு அக்டோபர் வாக்கில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மறுநாள் காலைக்கு அது நல்லது. நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை கிளந்தான் பக்கத்தை நனைக்கத் தொடங்கும். மலைக்கு மேற்கே இருக்கும் இந்த ஏரியில் அதன் வேகம் குறைவுதான் என்றாலும், சாலை அந்த மலையையே கடந்து போகிறது. கனமழையில் மண் சரிந்து சாலை அடைபட்டதுண்டு. அந்த மாதங்களில் கிளம்புமுன் சாலை நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்தால் அதைப் பனி என்று நினைத்து மகிழ வேண்டாம். புகை மஞ்சளாக, தட்டையாக இருக்கும். தூரத்து மலையை அடுக்காகக் காட்டாமல் மொத்தமாக விழுங்கிவிடும்.

இனி நேரம். இந்தப் பகுதியில் ஆண்டு முழுவதும் சூரிய உதயம் காலை 7:00 மணிக்கும் 7:35க்கும் இடையில்தான். பிப்ரவரியில் தாமதம், மே மாதத்திலும் நவம்பரிலும் முன்னதாக. ஆனால் நாட்காட்டி சொல்லும் நேரத்தில் சூரியன் உங்களுக்குத் தெரியாது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. அதைத் தாண்டி நேர்வெயில் தண்ணீரைத் தொட இன்னும் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவேளைதான் பொன்னானது. வானம் வெளுத்துவிடும், தண்ணீர் நிழலில் இருக்கும், பனி நீலமாகத் தெரியும்.

கனடாக் காணொளிகள் ஏமாற்றும் மற்றோர் இடமும் இதுதான். பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுகிறது. பொன்னிற ஒளி என்று சொல்லப்படும் தாழ்ந்த வெயில் இங்கே அரை மணி நேரம்கூட நிற்காது. கோடைக்காலத்துக் கனடாவில் அது ஒன்றரை, இரண்டு மடங்கு நீளும். அங்கே ஓர் இடத்தில் எடுத்துவிட்டு வண்டியில் ஏறி அடுத்த இடத்துக்கும் ஓட நேரம் இருக்கிறது. இங்கே வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்புவதற்குள் ஒளி கடுமையாகிவிடும். ஆகவே ஒரு காலைக்கு ஓர் இடம் போதும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை: இதை வேகமாகப் படிக்க வேண்டாம்

சுங்கை சிப்புட்டிலிருந்து குவாலா கங்சார், லெங்கோங், கிரிக், பிறகு கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் பண்டிங் தீவு. மொத்தம் 150 கிலோமீட்டருக்கும் மேல். நிதானமாகப் போனால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. ஏரிக்கு நடுவே இருக்கும் பண்டிங் தீவை இருபக்கமும் பாலங்கள் நெடுஞ்சாலையோடு இணைக்கின்றன. நாம் நிற்கப்போவது இந்தத் தீவில்.

வீட்டிலிருந்து அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பி ஒரே ஓட்டமாகப் போகலாம் என்று பலரும் நினைப்பார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 1982இல் திறக்கப்பட்ட இந்த நெடுஞ்சாலை மலையை வெட்டிப் போட்டது. ஏற்றமும் இறக்கமும் வளைவும் மாறி மாறி வரும், விளக்குகள் குறைவு, பனி இறங்கினால் முன்னால் போகிற லாரியின் பின்விளக்கே தெரியாது. 2025 ஜூன் 9 அதிகாலையில் இதே சாலையில், பண்டிங் அருகில், பல்கலைக்கழக மாணவர்கள் வந்த பேருந்து கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தின மாதம் அன்னையர் தினத்தன்று விடியலில் ஒரு குட்டி யானை லாரியில் அடிபட்டு இறந்தது. தாய் யானை அந்த லாரியை விட்டு நகராமல் தலையால் முட்டிக்கொண்டு நின்ற காட்சியைப் பலரும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். யானை எச்சரிக்கைப் பலகைகள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. அவை கடக்கும் இடங்களில்தான் நடப்பட்டிருக்கின்றன.

எனவே முந்தின நாள் மாலை வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள். பண்டிங் தீவிலேயே தங்கினால் காலையில் சாலையே தேவைப்படாது. அது கட்டுப்படியாகாது என்றால் கிரிக்கில் சிறிய விடுதிகள் இருக்கின்றன. நான்கு பேர் சேர்ந்தால் செலவு பெரிதாகத் தெரியாது. கிரிக்கிலிருந்து தீவுக்கு நாற்பது கிலோமீட்டர் அளவுதான். ஆறு மணிக்கு மெதுவாகக் கிளம்பி ஏழுக்குள் சேர்ந்துவிடலாம். ஒருவேளை சற்றுத் தாமதமானாலும் பதற வேண்டாம். பனி எட்டரை வரை பெரும்பாலும் இருக்கும். உதயத்தைத் தவறவிட்டதற்காக யாரும் வளைவில் முந்திப் போக வேண்டியதில்லை.

பெட்ரோலைக் கிரிக்கிலேயே நிரப்பிவிடுங்கள். மலைக்குள் அடுத்த நிலையம் வரும் என்று நம்பிப் போகாதீர்கள். கைப்பேசி அலைவரிசை பல இடங்களில் அறுந்துபோகும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது அம்மாவுக்காக மட்டும் அல்ல.

பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். நல்ல காட்சி அங்கேதான் இருக்கிறது என்பது தெரியும். நிறுத்தாதீர்கள். அவசரப் பாதை என்பது பழுதான வண்டிக்கு. தீவில் ஓய்வு நிறுத்தம் இருக்கிறது, பொதுப் படகுத்துறை இருக்கிறது. வண்டியை அங்கே முறையாக விட்டுவிட்டு நடந்து இடம் தேடுங்கள். யானையைக் கண்டால் வண்டிக்குள்ளேயே இருங்கள். ஹாரன் அடிக்காமல், பெரிய விளக்கைப் போடாமல், தூரத்தில் நின்று அது கடக்கும்வரை காத்திருங்கள். ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்கிற எண்ணமே வேண்டாம்.

பையில் போடுவது

கேமரா, இருக்கிற லென்ஸ், டிரைபாட், மாற்று பேட்டரி, துடைக்கும் துணி இரண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. போலரைசர் ஃபில்டர் ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். தண்ணீரின் மேற்பளபளப்பையும் ஈர இலையின் வெள்ளை மினுக்கையும் எந்த மென்பொருளும் அதுபோல் நீக்காது. மற்ற ஃபில்டர்கள் பிறகு. அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்கக் காலுறையை உயர்த்திப் போட்டு, கொஞ்சம் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, பட்டணத்து நண்பர்கள் உடன் வந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அகல லென்ஸ்தான் இயற்கைக் காட்சிக்கு என்ற நம்பிக்கையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பனிமூட்டத்தில் எனக்கு அதிகம் உதவுவது 70 முதல் 200 மில்லிமீட்டர் வரையான லென்ஸ். மலை அடுக்குகளை நெருக்கிக் காட்டுவதும், தூரத்தில் நிற்கும் ஒரே ஒரு மரத்தைத் தனியாகப் பிரித்து எடுப்பதும் அதனால்தான் முடியும். அகல லென்ஸில் பாதிப் படம் வெற்று வானமாகவும் பாதிப் படம் வெற்றுத் தண்ணீராகவும் வந்து நிற்கும்.

கண்ணாடி வியர்க்கும்

பனிமலை நாட்டில் குளிரில் பேட்டரி தீர்ந்துபோவதுதான் தொல்லை. நமக்கு நேர்மாறு. ஏர்கண்டிஷனில் குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்ததும் ஈரக்காற்று லென்ஸில் படிந்து வெள்ளையாகிவிடும். துடைத்தால் மறுபடியும் படியும். உள்ளே படிந்தால் துடைக்கவே முடியாது. கால் மணி, இருபது நிமிடம் போய்விடும். நமக்கு மொத்தமே அரை மணி நேர ஒளிதான் என்று மேலே சொன்னேன்.

தீர்வு எளிது. பையை வண்டியின் பின்பெட்டியில் வையுங்கள். ஏரிக்கு அரை மணி நேரம் முன்பே ஏர்கண்டிஷனை நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறந்துவிடுங்கள். விடுதி அறையில் தங்கினால் இரவில் பையைக் குளிர்சாதனக் காற்று படாத இடத்தில் வையுங்கள். திரும்பி வந்ததும் ஈரக் கேமராவை அப்படியே பைக்குள் மூடிவைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது மிகச் சாதாரணம். சிலிக்கா ஜெல் போட்ட, மூடி இறுக்கமான சாப்பாட்டு டப்பா ஒன்று போதும், விலையுயர்ந்த உலர்பெட்டி பிறகு வாங்கலாம்.

இடத்தில் நின்றபின்

கேமராவை உடனே எடுக்காதீர்கள். பத்து நிமிடம் சும்மா பாருங்கள். பனி எந்தப் பக்கம் நகர்கிறது, எந்த மரம் தெரிந்து மறைகிறது, வெளிச்சம் முதலில் எந்த முகட்டில் விழுகிறது என்று கவனியுங்கள். முந்தின நாள் மாலையே வந்து இடம் பார்த்துவைத்தவர்களுக்கு இந்த வேலை பாதி முடிந்திருக்கும்.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுஞ்சாலை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. ஏரி அதற்குக் குறுக்காக, வடக்கே பெலும் காட்டுப் பக்கமும் தெற்கே அணைப் பக்கமும் விரிந்து கிடக்கிறது. காலை வெயில் கிழக்கிலிருந்து வருவதால், வடக்கோ தெற்கோ பார்த்து நின்றால் ஒளி பக்கவாட்டில் விழும். பனிக்கும் மலை மடிப்புகளுக்கும் இதுவே சிறந்த ஒளி. போலரைசரும் சூரியனுக்கு நேர்க்குறுக்காகத் திரும்பி நிற்கும்போதுதான் முழு வேலை செய்யும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே விலகி உதிப்பதால் வடக்குப் பார்வை துலங்கும். ஜூன், ஜூலையில் தெற்குப் பார்வை. எந்த மாதம் போகிறீர்களோ அதற்கேற்ப நிற்கும் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது கேமரா. லென்ஸின் துளையை (அபெர்ச்சர்) எஃப் 8 அல்லது 11இல் வையுங்கள். ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 100. டிரைபாட்டில் இருப்பதால் ஷட்டர் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் கவலையில்லை. இரண்டு நொடித் தாமதத்தில் வைத்து அழுத்தினால் விரல் அசைவு படாது. லென்ஸில் அசைவு தடுக்கும் வசதி இருந்தால் டிரைபாட்டில் அதை அணைத்துவிடுங்கள். பிறகு திருத்த வசதியாக, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகப் பதியுங்கள்.

புதியவர்கள் தடுமாறுவது வெளிச்ச அளவில்தான். கேமராவின் அளவுமானி எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெண்பனி நிறைந்த காட்சியைக் காட்டினால், "வெளிச்சம் அதிகம்" என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கிவிடும். பனி அழுக்குத் துணி நிறத்தில் வருவது இதனால்தான். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, முக்கால் படியிலிருந்து ஒரு படி வரை கூட்டுங்கள் (ஒரு படி என்றால் இரு மடங்கு வெளிச்சம்). வெயில் மலையைத் தாண்டி பனிக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகும். இப்போது பனியே ஒளிரும், எளிதில் வெளுத்து விவரம் போய்விடும். ஆகவே வெயில் பட்டவுடன் மறுபடியும் குறையுங்கள். திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், விடியல் இருட்டில் திரை எப்போதும் பிரகாசமாகவே தோன்றும். இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது விளிம்பில் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாதீர்கள். விடியலின் நீலத்தை அது குறை என்று நினைத்துச் சரிசெய்துவிடும். பகலொளி அளவில், 5200 அல்லது 5500 கெல்வினில் நிறுத்திவையுங்கள். ஏழு மணிக்கு நீலமாகவும் எட்டு மணிக்குப் பொன்னாகவும் வரும். அந்த மாற்றத்தைப் பதியத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

பனியில் ஆட்டோ ஃபோகஸ் பிடிமானமில்லாமல் முன்னும் பின்னும் அலையும். கருத்த மரத்தண்டின் விளிம்பில் குறிவைத்துப் பிடித்து, பிறகு கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். நீர்க்கோடு சாய்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாய்ந்த ஏரியைப் போலக் கண்ணை உறுத்துவது எதுவும் இல்லை.

தண்ணீரைப் பால்போல் வழுவழுப்பாக்க ஒளியைக் குறைக்கும் பத்துப் படி என்.டி. ஃபில்டர் போடுகிறவர்கள் உண்டு. 1/125 நொடியாக இருந்தது எட்டு நொடி அளவுக்கு நீளும். காற்றடிக்கும் மாலையில் அதற்குப் பயன் இருக்கிறது. காற்றில்லாத காலையில் தண்ணீர் ஏற்கெனவே கண்ணாடியாக இருக்கும்போது அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நகரும் பனியின் வடிவத்தையும் அது கரைத்துவிடும்.

பட்ட மரங்கள்

அணையை மூடியபோது காட்டின் ஒரு பகுதி நின்றபடியே மூழ்கியது. நீருக்கு அடியில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் அடிமரம் எளிதில் மக்குவதில்லை. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வெயிலிலும் மழையிலும் வெளுத்து, கிளை உதிர்ந்து, எலும்பாக நிற்கிறது. மின்னுற்பத்தியையும் மழையையும் பொறுத்து நீர்மட்டம் ஏறி இறங்கும். வறண்ட மாதங்களில் நிறைய மரங்கள் தலைகாட்டும். அதே சமயம் கரையைச் சுற்றிப் பழுப்பு மண் வளையமும் தெரியும். அந்த வளையத்தைச் சட்டத்துக்கு வெளியே விடுவது உங்கள் திறமை.

மரங்களை எடுக்கும்போது கூட்டமாக எடுத்தால் வேலி மாதிரி ஆகிவிடும். ஒன்று, அல்லது ஒன்றுக்கொன்று ஒட்டாமல் மூன்று. தண்டும் தண்ணீரில் தெரியும் அதன் பிரதிபலிப்பும் சேர்ந்து ஒரே கோடாகத் தெரியும்படி, பிரதிபலிப்பின் நுனியை வெட்டாமல் சட்டத்துக்குள் வையுங்கள். போலரைசரை முழுவதும் திருப்பினால் பிரதிபலிப்பும் சேர்ந்து அழிந்துவிடும் என்பதால் பாதியில் நிறுத்துங்கள். மீன் பிடிக்கிறவர்களின் படகு ஒன்று பனிக்குள்ளிருந்து வந்தால் அதற்காகக் காத்திருக்கலாம். ஏரி எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவருக்கு அப்போதுதான் புரியும்.

படகில் போவதென்றால்

முதல் பயணத்தில் படகு தேவையில்லை என்பது என் கருத்து. கரையில் நின்று பழகிய பிறகு போங்கள். போகும்போது கட்டணம், நேரம், எங்கே நிறுத்துவது எல்லாவற்றையும் ஏறுமுன் பேசிவிடுங்கள். "பதினைந்து நிமிடம் இயந்திரத்தை அணைத்து மிதக்கவிட வேண்டும்" என்று படகோட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் உங்களைச் சுற்றுலாப் பயணியாக நினைத்து வேகமாக ஓட்டிக்கொண்டே இருப்பார். டிரைபாட் படகில் பயன்படாது. ஷட்டரை 1/500க்குக் குறையாமல் வைத்து, அதற்காக ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துங்கள். மிதவைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து நின்று எடுக்காதீர்கள்.

வடக்கே ராயல் பெலும் மாநிலப் பூங்காவுக்குள் நுழைய அனுமதி பெற வேண்டும். படகு ஏற்பாடு செய்கிறவர்களிடமே கேட்டால் வழி சொல்வார்கள். மலேசியாவின் பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் இந்தக் காட்டில் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் படமெடுக்க வேறு லென்ஸும் வேறு பொறுமையும் வேண்டும். ஏரிக்கரையில் ஜஹாய், தெமியார் என்ற பூர்வகுடி மக்களின் குடியிருப்புகள் உண்டு. நம் லயத்துக்குள் யாராவது கேட்காமல் கேமராவோடு நுழைந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டு, கேட்டு, சம்மதம் கிடைத்தால் எடுங்கள். பிள்ளைகளைப் பெற்றோரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. ட்ரோன் பறக்கவிடவும் முறையான அனுமதி தேவை. தாய்லாந்து எல்லை இங்கிருந்து தூரம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

கைப்பேசி மட்டும் இருப்பவர்களுக்கு

தாராளமாகப் போகலாம். லென்ஸைச் சட்டைத் துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பாதிப் படங்கள் மங்குவது கைரேகையால். திரையில் பனியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் ஒளியையும் பூட்டி, பிறகு விரலை மேலே இழுத்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள். விரலை விரித்துப் பெரிதாக்காதீர்கள், தொலைநோக்கு லென்ஸ் தனியாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கைப்பேசிக்குப் பத்து, இருபது ரிங்கிட் விலையில் கிடைக்கும் சிறு டிரைபாட்டும் உதவும்.

கிரிக் தூரம் என்றால் ராபான்

நேராகத் தெமெங்கோருக்குப் போகாமல், லெங்கோங் போகும் வழியில் இருக்கும் ராபான் ஏரியில் முதலில் பழகிக்கொள்வது நல்ல யோசனை. செண்டரோ அணையால் உருவான நீர்ப்பரப்பு அது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மணி நேர அளவில் போய்விடலாம். பின்னால் மலைகள், காலையில் பனியும் உண்டு. கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையின் மலைப்பாதை இல்லாமல் மேலே சொன்ன எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், போலரைசர் எல்லாவற்றையும் தவறவிட்டுத் தவறவிட்டுக் கற்றுக்கொள்ளலாம். அதற்கும் நேரமில்லை என்றால் ஊரைச் சுற்றிப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் இருக்கவே இருக்கின்றன. சுண்ணாம்புக் குன்று தண்ணீரில் விழும் குட்டை ஒன்று கிடைத்தால் பிரதிபலிப்பு எடுக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கரை மண் உள்வாங்கும், விளிம்பில் நிற்காதீர்கள்.

திரும்பும்போது

ஒன்பதரைக்கு மேல் கேமராவை மூடிவிடுங்கள். ஐந்து மணிக்கு எழுந்தவருக்குப் பதினொரு மணிக்கு வண்டியில் கண் சொருகும். கிரிக்கில் சாப்பிட்டுவிட்டு, தேவையானால் இருக்கையைச் சாய்த்து ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் இருவர் இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டலாம்.

வீட்டில் படங்களைக் கணினியில் ஏற்றி, இன்னொரு வட்டிலும் நகலெடுத்த பிறகே நினைவக அட்டையை அழியுங்கள். திருத்தும்போது பனியின் மேல் 'மூட்டம் நீக்கும்' பட்டனை இழுத்துவிடாதீர்கள். எதற்காக விடியலில் எழுந்தோமோ அதையே அது துடைத்துவிடும். மாறுபாட்டைச் சிறிது கூட்டி, நிழல் பகுதியைக் கருப்பாகவே விட்டுவைத்தால் போதும். குடும்பக் குழுவில் வாட்ஸ்அப் வழியாக அனுப்புகிறவர்கள் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், மெல்லிய பனி திட்டுத் திட்டாக உடைந்து தெரியும்.